கையெழுத்துப் போடாதவர்களையும் கட்டும் ஒப்பந்தம்

அமெரிக்க மாநிலங்களில் ஒரு சமரசம் வேரூன்றிவிட்டது. வேலையை விட்டுப் போகிறவர் போட்டி நிறுவனத்தில் சேரவே கூடாது என்று தடுப்பது கொடுமை, அதை ஒழிக்கலாம். ஆனால் பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களையும் ஊழியர்களையும் அவர் தன் பக்கம் அழைக்கக் கூடாது என்று தடுப்பது நியாயம், அது இருக்கட்டும். முதலாளிகளும் அவர்களுடைய வக்கீல்களும் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. தொழிலாளர் பக்கம் நிற்கும் சட்டமன்ற உறுப்பினர்கள் பலரும் இதை ஏற்றுக்கொண்டு வாக்களிக்கிறார்கள் என்பதுதான் கவலை தருகிறது.

மினசோட்டா இந்தச் சமரசத்தை அப்படியே சட்டமாக எழுதியது. 2023 ஜூலை 1 முதல் அங்கே ஊழியரிடம் எழுதி வாங்கப்படும் போட்டித் தடை எதுவும் செல்லாது. அவர் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் செல்லாது. துணிச்சலான சட்டம். ஆனால் போட்டித் தடை என்றால் என்ன என்று விளக்கும் அதே பிரிவு, ‘நான்-சொலிசிட்’ எனும் அழைப்புத் தடை ஒப்பந்தங்கள் இதில் சேரா என்று ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. மாசசூசெட்ஸ் 2018-லேயே அப்படித்தான் செய்தது. மத்திய வணிக ஆணையம் 2024 ஏப்ரலில் போட்டித் தடைகளை ஒழிக்க நாடு முழுவதற்கும் ஒரு விதியை அறிவித்தபோது, அழைப்புத் தடைகளை அதுவும் பொதுவாக விட்டுவைத்தது. அந்த விதியை 2024 ஆகஸ்டில் டெக்சாஸிலுள்ள மத்திய நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் ஆணையமே மேல்முறையீட்டைக் கைவிட்டது. இனி இது மாநிலங்களின் கையில்தான் இருக்கிறது.

மாநிலங்கள் தவறான இடத்தில் கோடு போட்டிருக்கின்றன என்பது என் வாதம். போட்டித் தடை, கையெழுத்துப் போட்டவரை மட்டும் கட்டுகிறது. அழைப்புத் தடையோ அதில் கையெழுத்தே போடாத வாடிக்கையாளரையும், அதைப் பார்த்தே இராத சகஊழியரையும் சேர்த்துக் கட்டுகிறது. சிறிய தடை என்று சொல்லப்படுவதுதான் அதிகம் பேரைத் தொடுகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் வாடிக்கையாளரைப் பிடிக்கப் பல வருடம் உழைக்கிறது. ஊழியருக்குச் சம்பளமும் பயணச் செலவும் கொடுத்து அந்த உறவை வளர்க்கச் சொல்கிறது. அவர் வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை புதிய இடத்திலிருந்து அதே வாடிக்கையாளருக்குப் போன் செய்தால், நிறுவனத்தின் முதலீட்டைத் தூக்கிக்கொண்டு போனதாகத்தானே அர்த்தம்? அவருடைய பிழைப்பை யாரும் பறிக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் சேரட்டும். எங்கள் வாடிக்கையாளரையும் எங்கள் ஆட்களையும் தொடாமலிருந்தால் போதும். இதுதான் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

அந்த ‘எங்கள்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். நம் ஊரில் ரவிக்கை தைப்பவர் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போனால், அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போகும் பெண்களைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் யாரும் பழைய கடைக்காரரின் உடைமை இல்லை. தோள் சரியாக உட்காரும்படி தைக்கத் தெரிந்த கையைத் தேடிப் போகிறார்கள். கணக்காளர், முடிதிருத்துபவர், காப்பீட்டு முகவர், உடற்பயிற்சி ஆசிரியர், மென்பொருள் ஆலோசகர் எல்லோருடைய தொழிலும் இதே மாதிரிதான். இந்தத் தொழில்களில் திறமையையும் உறவையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க முடியாது. பத்து வருடம் பழகியவர்களில் ஒருவரிடமும் பேசாமல் தொழில் செய்துகொள் என்று இவர்களிடம் சொன்னால், தொழிலையே முதலிலிருந்து தொடங்கு என்றுதான் பொருள். பெயர் அழைப்புத் தடை. விளைவு போட்டித் தடை.

கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இதை 2008-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எட்வர்ட்ஸ் எதிர் ஆர்தர் ஆண்டர்சன் என்ற அந்த வழக்கின் கதை எளியது. ஆர்தர் ஆண்டர்சன் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் அலுவலகத்தில் வரி மேலாளராக இருந்த எட்வர்ட்ஸ் 1997-ல் வேலைக்குச் சேரும்போது ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். வேலையை விட்டபின் 18 மாதம், தான் கவனித்த வாடிக்கையாளர்களுக்கு அதே வேலையைச் செய்து தரக் கூடாது. 12 மாதம் அந்த அலுவலகத்தின் எந்த வாடிக்கையாளரையும் அழைக்கக் கூடாது. 18 மாதம் ஊழியர்கள் யாரையும் அழைக்கக் கூடாது. 2002-ல் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் கணக்கு மோசடி விவகாரத்தில் ஆண்டர்சன் மீது குற்றவழக்கு வந்தது. அவர் இருந்த பிரிவை வேறொரு நிறுவனம் வாங்கி, அவருக்கு வேலையும் தர முன்வந்தது. தடையிலிருந்து விடுபட வேண்டுமானால் ஆண்டர்சன் மீதான உரிமைக் கோரிக்கைகளை விட்டுக்கொடுத்து எழுதித் தர வேண்டும் என்று நிபந்தனை வந்தது. அவர் மறுத்தார். பழைய வேலையும் போயிற்று, புதிய வேலையும் கிடைக்கவில்லை.

நீதிமன்றத்தில் ஆண்டர்சன் தரப்பு வைத்தது இன்று மாநிலம் மாநிலமாக ஒலிக்கும் அதே வாதம்தான்: இது குறுகிய தடை, தொழிலையே தடுக்கவில்லை, ஆகவே செல்லும். குறுகிய தடைக்கும் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதிகள் அதை நிராகரித்தார்கள். ஒருவர் தன் தொழிலைச் செய்வதைக் கொஞ்சம் தடுத்தாலும் தடுத்ததுதான்.

வாடிக்கையாளர் முதலாளிக்குச் சொந்தம் என்ற எண்ணத்துக்கு எதிரான மிக வலுவான சாட்சியை வக்கீல்களே வைத்திருக்கிறார்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதிகளில் 5.6 என்று ஒரு விதி உண்டு. ஒரு வழக்கறிஞர் வேலையை விட்டபின் தொழில் செய்யும் உரிமையைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தை, ஓய்வூதியப் பலன் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, யாரும் கேட்கவும் கூடாது, போடவும் கூடாது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் இதை ஏதோ ஒரு வடிவில் ஏற்றிருக்கின்றன. காரணமாகச் சொல்லப்படுவது, கட்சிக்காரர் தமக்கு வேண்டிய வக்கீலைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம். மிகச் சரியான காரணம். அப்படியானால் நோயாளிக்கு அந்தச் சுதந்திரம் வேண்டாமா? வரிக் கணக்கைப் பல வருடம் ஒருவரிடமே கொடுத்துப் பழகிய சிறு கடைக்காரருக்கு வேண்டாமா? மற்ற எல்லோருக்கும் இந்தத் தடைகளை எழுதிக் கொடுக்கும் தொழில், தனக்கு மட்டும் அவற்றை ஒழுக்கக் கேடு என்று விலக்கி வைத்திருக்கிறது. தடை நியாயமென்றால் எல்லோருக்கும் நியாயமாக இருக்க வேண்டும்.

இந்தத் தடை இல்லாவிட்டால் வியாபாரமே நடக்காது என்பவர்களுக்குப் பங்குச் சந்தைத் தரகு நிறுவனங்கள் பதில் சொல்லும். ஸ்மித் பார்னி, மெரில் லிஞ்ச், யூபிஎஸ் ஆகிய மூன்றும் 2004-ல் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி நிறுவனம் மாறும் ஆலோசகர் தன் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், கணக்கின் தலைப்பு ஆகிய ஐந்தையும் எடுத்துப்போகலாம். புதிய இடத்திலிருந்து அவர்களை அழைக்கலாம். பின்னர் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இதில் சேர்ந்தன. 2017 வாக்கில் சில பெரிய நிறுவனங்கள் விலகியது உண்மைதான். ஆனால் அத்தனை வருடம் அந்தத் துறை அந்த உடன்பாட்டின் கீழ் நடந்தது. கோடிக்கணக்கான டாலரைக் கையாளும் தரகர்களுக்குச் சாத்தியமானது மற்றவர்களுக்கு ஏன் சாத்தியமில்லை?

அடுத்த வாதம் இது: நாங்கள் தடுப்பது அழைப்பதை மட்டும்தான், வாடிக்கையாளர் தானாக வந்தால் யார் தடுக்கப்போகிறார்கள்? தடுக்கிறார்கள் என்பதே உண்மை. பாஸ்டனிலிருக்கும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், விற்பனைப் பிரிவிலிருந்த ஒருவர் புதிய நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் சேர்ந்த செய்தியைப் புதிய நிறுவனம் ஏறத்தாழ நூறு பேருக்கு மின்னஞ்சலில் தெரிவித்தது. பழைய வாடிக்கையாளர் சிலர் அதைப் பார்த்து அவரைத் தொடர்புகொண்டார்கள். முதலில் யார் பேசினார்கள் என்பது கவனிக்க வேண்டியவற்றில் ஒன்றுதான், அது ஒன்றே முடிவாகாது என்று சொல்லி, அவருக்கு எதிரான இடைக்காலத் தடையை நீதிமன்றம் உறுதி செய்தது. லிங்க்ட்இன்னில் ‘புதிய வேலையில் சேர்ந்திருக்கிறேன்’ என்று போடுவதற்கும் அழைப்பதற்கும் இடையிலான கோட்டை ஒவ்வொரு நீதிமன்றமும் ஒவ்வோர் இடத்தில் போடுகிறது. இலினாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருவர் அனுப்பிய பொதுவான தொடர்பு அழைப்பைக் குற்றமாகப் பார்க்கவில்லை. மினசோட்டாவில் ஒரு மத்திய நீதிமன்றம் இன்னொருவரின் பதிவுகளை அழைப்பென்றே கொண்டது. இரண்டும் 2017-ல் வந்த தீர்ப்புகள். இந்த நிலையில் சாதாரண ஊழியர் என்ன செய்வார்? வாயை மூடிக்கொள்வார். வந்து கதவைத் தட்டும் வாடிக்கையாளரையும் பயந்து திருப்பி அனுப்புவார்.

சில மாநிலங்கள் இதை உணர்ந்து திருத்தத் தொடங்கியிருக்கின்றன. வர்ஜீனியா 2020-ல் குறைந்த சம்பளக்காரர்களுக்கான சட்டத்திலும், நெவாடா 2017-ல் இயற்றிய சட்டத்திலும், ஊழியர் அழைக்காமல் தானாக வரும் வாடிக்கையாளருக்கு வேலை செய்வதைத் தடுக்கக் கூடாது என்று எழுதின. வாஷிங்டன் மாநிலம் 2024 ஜூனில் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது. வாடிக்கையாளரை ‘ஏற்கக் கூடாது’ என்ற பிரிவு எந்தப் பெயரில் இருந்தாலும் அது போட்டித் தடையே. அழைப்புத் தடை என்பது இப்போதைய வாடிக்கையாளர்களை மட்டுமே குறிக்கும். பழையவர்களையும் இனி வரக்கூடியவர்களையும் அதில் சேர்க்க முடியாது. இவை நல்ல திருத்தங்கள். ஆனால் இவை தேவைப்பட்டதே என் வாதத்துக்குச் சாட்சி. மென்மையான தடை என்று விட்டுவைத்த இடத்தில்தான் போட்டித் தடை வேறு பெயரில் வந்து குடியேறியது.

வாடிக்கையாளர் பற்றிய தடையைவிட ஆழமான அநீதி சகஊழியர் பற்றிய தடையில் இருக்கிறது. விஸ்கான்சினில் மேனிடோவாக் என்ற கிரேன் நிறுவனத்தில் 25 வருடம் வேலை செய்த பொறியாளர் ஒருவர் 2010-ல் போட்டி நிறுவனத்துக்குப் போனார். இரண்டு வருடம் மேனிடோவாக்கின் எந்த ஊழியரையும் வேலையை விடச் சொல்லித் தூண்டக் கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ‘எந்த ஊழியரும்’ என்ற சொல்லுக்குள் உலகம் முழுவதும் இருந்த சுமார் 13,000 பேர் அடங்கினார்கள். அவர் பார்த்தேயிராத நாட்டில், அவர் கேள்விப்பட்டே இராத வேலையில் இருப்பவரும் அதில் அடக்கம். கீழ் நீதிமன்றம் சுமார் 97,800 டாலர் இழப்பீடும் 10 லட்சம் டாலர் வக்கீல் செலவும் அவர் கொடுக்க வேண்டும் என்றது. அம்மாநில உச்ச நீதிமன்றம் 2018-ல்தான் அவரை இறுதியாக விடுவித்தது. இடைப்பட்ட எட்டு வருடத்தை எந்தத் தீர்ப்பாலும் அவருக்குத் திருப்பித் தர முடியவில்லை.

அந்த 13,000 பேரின் பக்கம் நின்று பாருங்கள். அவர்களில் ஒருவருக்கு, பக்கத்து நிறுவனத்தில் கூடுதல் சம்பளத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்ற செய்தி கிடைக்காமல் போகிறது. அதைச் சொல்லக்கூடிய பழைய நண்பரின் வாயை ஒப்பந்தம் கட்டிவிட்டது. வேலை தேடுகிறவர்களுக்கு நண்பரின் ஒரு போன் எவ்வளவு பெரிய உதவி என்பது வேலை தேடிய எல்லோருக்கும் தெரியும். இந்த ஊழியர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, எதையும் பெற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் சம்பள உயர்வின் கதவு ஒன்று அடைபட்டுவிட்டது; அடைபட்டது அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆட்களை ‘இழுத்துக்கொண்டு போகிறார்’ என்று முதலாளிகள் குறை சொல்கிறார்கள். இழுத்துப் போக அவர்கள் கயிற்றில் கட்டிய மாடுகளா? நல்ல இடம் என்று தெரிந்து, யோசித்து, தாங்களே நடந்து போகிறார்கள்.

கலிபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் இந்த இடத்துக்கும் வந்து சேர்ந்தது. ஊர் ஊராகத் தற்காலிகப் பணிக்குப் போகும் செவிலியர்களை மருத்துவமனைகளுக்கு ஏற்பாடு செய்து தரும் இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கு அது. செவிலியர்களைத் தேடிப் பிடிப்பதே வேலையாக இருந்தவர்களிடம், பழைய நிறுவனத்தின் செவிலியர்களை அழைக்காதே என்று சொல்வது அவர்கள் தொழிலையே தடுப்பது என்று நீதிமன்றம் சொன்னது. ஜார்ஜியா உச்ச நீதிமன்றமோ 2024 செப்டம்பரில் எதிர்த்திசையில் போனது. சகஊழியர் தடையில் எந்த ஊர், எந்தப் பகுதி என்ற எல்லையை வெளிப்படையாக எழுதத் தேவையில்லை என்பது அதன் தீர்ப்பு. ஃப்ளோரிடாவின் சட்டம், இந்தத் தடையால் அந்த ஊழியருக்கு நேரும் கஷ்டத்தை நீதிபதி கணக்கில் எடுத்துக்கொள்ளவே கூடாது என்கிறது. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில், சகஊழியரை அழைத்தால் விலகும்போது தருவதாகச் சொன்ன பணம் பறிபோகும் என்ற நிபந்தனைக்கும் 2018 சட்டம் பொருந்தாது என்றது. அந்தச் சட்டத்தில் வைத்த விலக்கு எவ்வளவு அகலமானது என்பது ஏழு வருடம் கழித்துத் தெரிந்தது.

நிறுவனத்தின் ரகசியத்தை யார் காப்பது என்று கேட்கிறார்கள். அதற்கென்றே தனிச் சட்டங்கள் இருக்கின்றன. வணிக ரகசியங்களுக்கான சீர்மைச் சட்டத்தை நியூயார்க் போன்ற ஓரிரண்டு விதிவிலக்குகள் தவிர எல்லா மாநிலங்களும் ஏற்றிருக்கின்றன. 2016 முதல் மத்தியச் சட்டமும் இருக்கிறது. விலைப்பட்டியலையும் வாடிக்கையாளர் கோப்பையும் திருடிக்கொண்டு போகிறவரை இவற்றைக் கொண்டே தண்டிக்கலாம். வேலையில் இருக்கும்போதே வாடிக்கையாளரை வேறு இடத்துக்குத் திருப்பிவிடுகிறவரையும் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது. அது விசுவாசக் கடமையை மீறுவது. ஒருவர் தன் கடையை விலைக்கு விற்றால், வாங்கியவரோடு போட்டி போடமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு அவர் விலை வாங்கியிருக்கிறார். இவற்றுக்கு அப்பால் அழைப்புத் தடை காப்பாற்றுவது ஒன்றைத்தான்: வாடிக்கையாளரும் ஊழியரும் வேறிடத்தைப் பற்றிக் கேள்விப்படாமலிருக்கும் நிலை. அதைக் காப்பது சட்டத்தின் வேலையாக இருக்க முடியாது.

சம்பள வரம்பு வைத்துவிட்டோமே என்பது கடைசிச் சமாதானம். இலினாய் 2022 ஜனவரி முதல் இரண்டு வரம்புகளை வைத்தது: போட்டித் தடைக்கு ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் சம்பளம் வேண்டும்; அழைப்புத் தடைக்கு 45,000 டாலருக்கு மேல் இருந்தால் போதும். கொலராடோ 2022 ஆகஸ்டில் வாடிக்கையாளர் தடைக்கான வரம்பைப் போட்டித் தடை வரம்பில் 60 சதவீதமாக வைத்தது; அந்த வருடம் அது 60,750 டாலர். வரம்பே இல்லாத மாநிலங்களோடு ஒப்பிட்டால் இவை முன்னேற்றம்தான். ஆனால் 46,000 டாலர் சம்பளக்காரருக்குப் போட்டித் தடை அநீதி, அழைப்புத் தடை நீதி என்று இலினாய் சொல்வது எந்த அளவுகோலில்? அவருடைய வாடிக்கையாளரே அவருடைய தொழில் என்றால் இரண்டும் ஒன்றுதானே?

செல்லாத பிரிவும் பயமுறுத்தும் என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்டார், ப்ரெஸ்காட், பிஷாரா என்ற மூன்று ஆய்வாளர்கள் 2014-ல் நடத்திய ஆய்வில், அமெரிக்கத் தொழிலாளர்களில் சுமார் 18 சதவீதம் பேர் போட்டித் தடைக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். அது செல்லவே செல்லாத கலிபோர்னியாவிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான். நீதிமன்றத்துக்குப் போகும் வழக்குகள் கொஞ்சம். ஒரு வக்கீல் நோட்டீஸோடு முடிந்துபோகும் கதைகளே அதிகம். நம் வீடுகளிலிருந்து போன எத்தனையோ பிள்ளைகள் எச்-1பி விசாவில் அங்கே வேலை செய்கிறார்கள். வேலை போனால் அடுத்ததைத் தேட அவர்களுக்கு இருப்பது அதிகபட்சம் 60 நாள். அந்த நேரத்தில் வரும் ஒரு நோட்டீஸ் எவ்வளவு கனமாக இருக்கும் என்பதை அந்த வீடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

தடையை எடுத்தால் தொழில் அழியும் என்ற பயத்துக்கு ஹவாயில் பதில் இருக்கிறது. அம்மாநிலம் 2015 ஜூலையில் தொழில்நுட்ப நிறுவன ஊழியர்களுக்குப் போட்டித் தடையையும், சகஊழியரை அழைக்கக் கூடாது என்ற தடையையும் சேர்த்தே ஒழித்தது. பிறகு நடந்த ஆய்வில், அந்த ஊழியர்கள் வேலை மாறுவது 11 சதவீதமும், புதிதாகச் சேர்பவர்களின் சம்பளம் 4 சதவீதமும் கூடியிருந்தன. கலிபோர்னியா இந்தக் கட்டுகள் இல்லாமலே சிலிக்கான் பள்ளத்தாக்கை வளர்த்தது.

தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற கலிபோர்னியாவின் விதிக்கு 1872-லேயே எழுத்து வடிவம் வந்துவிட்டது. அதன் மூலம், டேவிட் டட்லி ஃபீல்டு என்ற வழக்கறிஞர் நியூயார்க்குக்காகத் தயாரித்த சட்ட வரைவு. நியூயார்க் அதை ஏற்கவில்லை. கலிபோர்னியாவும் டகோட்டாவும் ஏற்றன. அதே 1872-ல் இயற்றப்பட்ட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவும் அதே வரைவிலிருந்து வந்ததுதான். சென்னையில் ஒரு வக்கீல் எடுத்துக் காட்டும் பிரிவும் சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு வக்கீல் காட்டும் பிரிவும் உடன்பிறந்தவை. ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்ற கொள்கை ஒன்றரை நூற்றாண்டுப் பழையது. அதைக் கைவிட்டுத் தடைகளை அளந்து பார்த்து அனுமதிக்கப் போனவர்கள்தான் இன்று வரம்பு, விலக்கு, விலக்குக்கு விலக்கு என்று சிக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மாநிலச் சட்டமன்றங்கள் செய்ய வேண்டியது கடினமானதல்ல. தடையின் பெயரைப் பார்க்காமல் விளைவைப் பார்த்து, வேலையை விட்டவர் மீதான வாடிக்கையாளர் தடையையும் சகஊழியர் தடையையும் போட்டித் தடையோடு சேர்த்துச் செல்லாது என்று எழுத வேண்டும். அதற்கு மனமில்லாத மாநிலம், வாடிக்கையாளரை ஏற்கும் உரிமையையாவது வாஷிங்டன் போல் காக்க வேண்டும். செல்லாத பிரிவை எழுதி வாங்கும் முதலாளி, கொலராடோவில் இருப்பது போல் ஆளுக்கு 5,000 டாலர் வரை அபராதம் கட்டும்படி வைக்க வேண்டும். வழக்கில் வெல்லும் ஊழியரின் வக்கீல் செலவை இலினாயில் போல் முதலாளி ஏற்கும்படி செய்ய வேண்டும்.

கலிபோர்னியா 2024 ஜனவரி 1-ல் எட்வர்ட்ஸ் தீர்ப்பைச் சட்டப் புத்தகத்திலேயே ஏற்றியது. 2022 ஜனவரி 1-க்குப் பிறகு தங்களிடம் வேலையில் இருந்த ஒவ்வொருவருக்கும், வேலையை விட்டுப் போயிருந்தாலும், அவர் கையெழுத்திட்ட அந்தப் பிரிவு செல்லாது என்று 2024 பிப்ரவரி 14-க்குள் தனித்தனியாக எழுதித் தெரிவிக்கும்படி முதலாளிகளுக்கு உத்தரவிட்டது. பயமுறுத்திய அதே நிறுவனத்திடமிருந்து, பயப்பட வேண்டாம் என்று ஒரு கடிதம். மினசோட்டாவில் கணக்கெழுதுபவருக்கும் ஜார்ஜியாவில் காப்பீடு விற்பவருக்கும் அப்படி ஒரு கடிதம் வர வேண்டும். அவர்களுக்கு அது வரும் நாளில், எதிலும் கையெழுத்துப் போடாத அவர்களுடைய வாடிக்கையாளரும் சகஊழியரும் சேர்ந்தே விடுதலை ஆவார்கள்.